மெஷினா, கேலிப்பரா, ஸ்கேனா, டேப்பா? உடல் கொழுப்பை அளக்கும் முன் ஒரு கணக்கு

போன மாதம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பயிற்சி முகாமில் எல்லோரையும் வரிசையாக ஒரு மெஷின் மேல் ஏற்றி, ஆளுக்கொரு சீட்டு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவள் சீட்டில் கொழுப்பு 27.4 சதவீதம், ‘மெட்டபாலிக் வயது’ 24. அவளுக்கு வயது 16. ஹாக்கி ஆடுகிறாள், காலை ஐந்தரைக்கே மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். படத்துக்குக் கீழே, “மாமா, இது ரொம்ப அதிகமா? ராத்திரி சாப்பாட்ட நிறுத்தச் சொல்லியிருக்காங்க” என்று எழுதியிருந்தாள்.

“முதல்ல சாப்பிட்டுப் படு. நாளைக்குப் பேசலாம்” என்று பதில் போட்டேன். ஆனால் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் எங்களோடு ஓடுகிறவர்களும் இதையே வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜிம்மில் ஒரு எண் சொல்கிறார்கள், வீட்டில் வாங்கி வைத்த தராசு வேறு எண் காட்டுகிறது, யாரோ டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்துக்கொள் என்கிறார்கள். எதை நம்பிக் காசு செலவழிப்பது? கடந்த சில வருடங்களில் இவற்றை எல்லாம் என் உடம்பில் பார்த்துவிட்டேன். பல்கலைக்கழக ஆய்வுகளையும் தேடிப் படித்திருக்கிறேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சாதாரண எடை பார்க்கும் மெஷின் ஏன் போதாது என்று முதலில் பார்த்துவிடலாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. 40 இளைஞர்கள், நான்கு வாரம், தேவையான கலோரியில் 40 சதவீதத்தை வெட்டிவிட்டுக் கடுமையான பயிற்சி. பாதிப் பேருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், மீதிப் பேருக்கு 2.4 கிராம். முதல் குழுவுக்குச் சராசரியாக 3.5 கிலோ கொழுப்பு குறைந்தது, கொழுப்பில்லா எடை (தசை, எலும்பு, தண்ணீர் எல்லாம் சேர்ந்தது) 0.1 கிலோ கூடியது. இரண்டாம் குழுவுக்கு 4.8 கிலோ கொழுப்பு போய், கொழுப்பில்லா எடை 1.2 கிலோ ஏறியது. இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். எடை மெஷினில் ஒரு குழு 3.4 கிலோ குறைந்திருக்கும், இன்னொன்று 3.6 கிலோ. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். உள்ளே நடந்ததோ வேறு.

இந்தச் சந்தேகம் பழையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே, தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 25 பேரைத் தண்ணீருக்குள் வைத்து எடை போட்டார். அன்றைய உயரம்-எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் படையில் சேர லாயக்கில்லாத குண்டர்கள். கொழுப்பு மிதக்கும், தசை அமிழும். தண்ணீருக்குள் பார்த்தால் அவர்கள் பெரும்பாலும் தசை. 1942-இல் அந்தக் கட்டுரை வந்த பிறகுதான் ‘எடை எவ்வளவு’ என்ற கேள்வியோடு ‘அந்த எடை எதனால் ஆனது’ என்ற கேள்வியும் விளையாட்டு மருத்துவத்தில் நிலைத்தது.

ஆக, அளப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உயிரோடு இருக்கும் ஒருவரின் கொழுப்பை நேரடியாக எடை போட வழியே இல்லை. பிரஸ்ஸல்ஸில் 1979 முதல் 1983 வரை, இறந்த முதியவர்கள் 25 பேரின் உடல்களைத் தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று பிரித்துத் தனித்தனியாக எடை போட்டார்கள். நேரடி அளவு என்றால் அதுதான். மற்ற எல்லா முறையும் வேறு எதையோ அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டு, கொழுப்பைக் கணக்கிட்டுச் சொல்கிறது. மின்தடை, தோலின் தடிப்பு, எக்ஸ்ரே ஊடுருவும் அளவு என்று அளக்கும் பொருள்தான் மாறும். எந்த முறை எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் அது தவறும் என்பதும் தெரிந்துவிடும்.

அக்கா மகள் ஏறி நின்ற மெஷினில் இருந்தே ஆரம்பிக்கிறேன், சென்னையில் அதுதான் அதிகம். ஜிம்மில், மருந்துக்கடை வாசலில், வீட்டுத் தராசில், எல்லாவற்றிலும் ஒரே தத்துவம். நமக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய மின்சாரத்தை உடம்புக்குள் செலுத்தி, எவ்வளவு தடை வருகிறது என்று பார்க்கிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, தடை கூடும். கொழுப்பில்லா எடையில் சுமார் 73 சதவீதம் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு மீதியைக் கணக்குப் போடுகிறது. அதாவது இந்த மெஷின் உண்மையில் பார்ப்பது நம் உடம்பின் தண்ணீரை.

சென்னைக்கு இது பெரிய சிக்கல். மே மாதத்தில் கடற்கரையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்தால் ஒரு கிலோவுக்கு மேல் வியர்வையாகவே போய்விடுகிறது. தண்ணீர் குறைந்தால் கொழுப்பு கூடியதுபோலத் தெரியும். அதேசமயம் சூடேறிய தோலும் தோலடி ரத்த ஓட்டமும் தடையைக் குறைத்து எதிர்ப்பக்கம் இழுக்கும். எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 12 மணி நேரம் பயிற்சி இல்லாமல், நான்கு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல், சிறுநீர் கழித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும் என்பது ஆய்வகங்களில் கடைப்பிடிக்கும் விதி. முகாமில் பயிற்சி முடித்த கையோடு, இரண்டு வாழைப்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும் உள்ளே போன பிறகு வரிசையாக ஏற்றியிருக்கிறார்கள். அந்த 27.4-இல் புள்ளிக்குப் பின்னால் உள்ள 4-க்கு எந்தப் பொருளும் கிடையாது. முன்னால் உள்ள 7-க்கும் பெரிதாகக் கிடையாது.

வீட்டுத் தராசில் இன்னொரு குறை. பாதம் மட்டும் வைக்கும் வகையில் மின்சாரம் ஒரு காலில் ஏறி இன்னொரு காலில் இறங்கிவிடும். தொப்பை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை அது சரியாகப் பார்ப்பதே இல்லை. கையிலும் பிடித்துக்கொள்ளும் எட்டு மின்முனை மெஷின் இதைவிட மேல். ஆனாலும் உடம்பின் எடையில் பாதி நடுவுடலில் இருக்க, மொத்த மின்தடையில் நடுவுடலின் பங்கு பத்தில் ஒன்று போலத்தான். மெலிந்த கையும் காலும் சேர்ந்து கணக்கை எழுதுகின்றன. அப்புறம், பல மெஷின்கள் வயது, பாலினம், உயரத்தை முதலிலேயே வாங்கிக்கொள்கின்றன. என் வீட்டுத் தராசில் ‘விளையாட்டு வீரர்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. சாதாரண நிலையில் 22 காட்டியது, அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு அதே நிமிடம் திரும்ப ஏறினேன், 17. ஒரே ஆள், ஒரே கால், ஒரே காலை.

சீட்டில் இருந்த ‘மெட்டபாலிக் வயது’ பற்றியும் சொல்லியாக வேண்டும், அந்தக் குழந்தையை அதிகம் காயப்படுத்தியது அதுதான். ஓய்வில் உடம்பு எவ்வளவு சக்தி எரிக்கிறது என்பதை உண்மையில் அளக்க வேண்டுமானால், மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் போகிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்று அளக்க வேண்டும். மெஷின் அதைச் செய்வதில்லை. முன்னே ஊகித்த கொழுப்பில்லா எடையை ஒரு சூத்திரத்தில் பெருக்கிக் கூட்டி, அந்த எண் எந்த வயதினரின் சராசரியோடு ஒத்துப்போகிறதோ அந்த வயதை அச்சடிக்கிறது. அந்தச் சராசரிகளும் நம்முடையவை என்று நினைத்துவிட வேண்டாம். உலகம் முழுக்க 1985 முதல் பயன்பட்ட புகழ்பெற்ற ஸ்கோஃபீல்டு சூத்திரங்களின் தரவில் கிட்டத்தட்டப் பாதி இத்தாலியர்கள். வெப்பமண்டல மக்கள் மிகக் குறைவு. வயதோடு வளர்சிதை மாற்றம் படிப்படியாகச் சரிகிறது என்ற நினைப்பே 2021-இல் அடிபட்டது. பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயதுவரை 6,400-க்கும் மேற்பட்டோரின் தரவைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 முதல் 60 வயது வரை அது ஏறத்தாழச் சமமாகவே இருக்கிறது என்று காட்டியது. அப்படியிருக்க, 16 வயதுப் பெண்ணுக்கு ‘உன் வயது 24’ என்று ஒரு சீட்டு சொல்வதை எந்த அடிப்படையில் ஏற்பது?

இந்த மெஷின் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் ஏற்கனவே இருந்தால், காலையில் எழுந்ததும் கழிப்பறை போய்விட்டு வெறும் வயிற்றில் வாரம் மூன்று நாள் ஏறி, சராசரியை மட்டும் மாதக்கணக்கில் பாருங்கள். ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். புதிதாக இதற்காகப் பணம் போட வேண்டியதில்லை.

அடுத்தது தோல்மடிப்பு அளவி, பயிற்சியாளர்கள் வாயில் கேலிப்பர். எனக்கு மிகவும் பிடித்தது இது, காரணம் சொல்கிறேன். கையின் பின்பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடுப்பு எலும்புக்கு மேலே என்று குறித்த இடங்களில் தோலையும் அடியில் உள்ள கொழுப்பையும் விரலால் எடுத்து, கேலிப்பரால் பிடித்து, இரண்டு விநாடி கழித்து எத்தனை மில்லிமீட்டர் என்று படிப்பது. 1974-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் டர்னினும் வாமர்ஸ்லியும் 16 முதல் 72 வயது வரையுள்ள 481 பேரை இப்படியும் தண்ணீருக்குள்ளும் அளந்து ஒரு அட்டவணை போட்டார்கள். நான்கு மடிப்பு அளந்தால் கொழுப்புச் சதவீதம் வந்துவிடும். இன்றும் இந்தியாவில் பல இடங்களில் அந்த அட்டவணைதான். அதில் ஒருவருக்கு வரக்கூடிய பிழை பெண்களுக்குச் சுமார் மூன்றரை, ஆண்களுக்குச் சுமார் ஐந்து சதவீதப் புள்ளி என்று அவர்களே எழுதிவிட்டார்கள்.

இந்தப் பிழையின் கனம் புரிய ஒரு கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண், கொழுப்பு 25 சதவீதம், அதாவது 15 கிலோ. மூன்றரைப் புள்ளி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்றால் 2.1 கிலோ. இரண்டு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து அவர் குறைக்கப்போவதே ஒன்றரை, இரண்டு கிலோ கொழுப்புதான். பிழை மாற்றத்தைவிடப் பெரியது!

அப்படியானால் கேலிப்பரை ஏன் பிடிக்கிறது என்கிறேன்? சதவீதமாக மாற்றாமல் விட்டுவிடலாம் என்பதால். பிழையின் பெரும்பகுதி மில்லிமீட்டரைச் சதவீதமாக மாற்றும் சூத்திரத்தில் இருக்கிறது. அந்தப் படியையே தவிர்த்து, எட்டு இடங்களின் மில்லிமீட்டரைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் குறித்து வைப்பது உலகம் முழுக்கப் பயிற்சி பெற்ற அளவீட்டாளர்கள் செய்வது. 1986-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய ஐசாக் என்ற அமைப்பு எந்த இடத்தில், எந்தப் பக்கம், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வரையறுத்து, படிநிலை வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறது. ஜூனில் என் கூட்டுத்தொகை 96 மில்லிமீட்டர். அக்டோபரில் 81. என் எடை இரண்டு முறையும் 71 கிலோவை ஒட்டித்தான் இருந்தது. நான் இத்தனை சதவீதம் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கொழுப்பு குறைந்து அந்த இடத்தை வேறு ஏதோ பிடித்திருக்கிறது என்பது தெரிந்தது. அதற்குத்தானே அளந்தோம்.

ஆனால் எல்லாம் அளக்கிற கையைப் பொறுத்தது. குறித்த இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தாலே எண் மாறும். முதல் முறை ஒருவர், அடுத்த முறை வேறொருவர் என்றால் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் கேலிப்பரை வாங்கி நாமே அளந்துகொள்வதும் சரிவராது, முதுகில் நமக்கே கை எட்டாது. சென்னையில் இதற்கு ஆள் தேட வேண்டும், ஆனால் தேடினால் கிடைக்கும். நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி 1920-இல் ஹாரி க்ரோ பக் தொடங்கியது, ஆசியாவிலேயே பழையது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா வளாகத்தில் விளையாட்டு அறிவியல் மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் படித்து வந்தவர்கள் ஊர் முழுக்கப் பயிற்சியாளராகவும் பிசியோவாகவும் வேலை செய்கிறார்கள். “ஐசாக் சான்றிதழ் இருக்கிறதா, எத்தனை இடம் அளப்பீர்கள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுப்பீர்களா?” என்று கேட்டாலே போதும், தெரிந்தவரா இல்லையா என்பது பதிலில் தெரிந்துவிடும். பெண்கள், அளப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். முதுகிலும் இடுப்பிலும் தொட்டு அளக்கும் வேலை இது, கூச்சத்தோடு நின்றால் அளவும் சரியாக வராது. இன்னொன்று, எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று போகாதீர்கள். தோல் வழுக்கினால் மடிப்பு நிற்காது. ஓடிவிட்டு வியர்வையோடு போவதும் அப்படித்தான்.

கேலிப்பருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை மட்டுமே பிடிக்கும். வயிற்றுக்குள், கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு அதன் கைக்கு எட்டாது. நம் ஊர் உடம்புக்கு ஆபத்து அங்கேதான். 2004-இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் சி.எஸ். யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையே போட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு, 22.3. டெக்ஸாவில் பார்த்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம் கொழுப்பு, யாக்னிக்குக்கு 21.2. யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் மெலிந்து தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருப்பதை அந்த ஒற்றைப் படம் காட்டியதுபோல வேறெதுவும் காட்டவில்லை.

இதற்கு வழி டேப். தையல்காரர் டேப்பே போதும், இழுபட்ட பழைய துணி டேப்பாக மட்டும் இருக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த நேரத்தில், வயிற்றை உள்ளிழுக்காமல். இந்தியர்களுக்குச் சொல்லப்படும் எல்லை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். சென்னைக்காரர்களை வைத்தே செய்த கணக்கும் இருக்கிறது. டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் 26,001 பேரை எடுத்துத் தொடங்கிய ‘க்யூர்ஸ்’ ஆய்வில், ஆண்களுக்கு 87, பெண்களுக்கு 82 என்ற இடத்திலேயே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற சிக்கல்கள் கூடுவது தெரிந்தது. நான்கு முறைகளிலும் செலவே இல்லாதது இது. 40 வயதைத் தாண்டிய ஒருவர் ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். டேப் தசையைப் பற்றி எதுவும் சொல்லாது, அது அதன் வேலையும் இல்லை.

சரி, டெக்ஸா. எலும்பின் அடர்த்தி பார்க்க வந்த கருவி. இரண்டு விதச் சக்தியுள்ள எக்ஸ்ரேயை அனுப்பி, எது எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதை வைத்து எலும்பு, கொழுப்பு, மற்ற மெல்லிய திசு என்று மூன்றாகப் பிரிக்கிறது. கதிர்வீச்சைப் பற்றிப் பயப்பட வேண்டாம், முழு உடல் ஸ்கேனுக்கு ஆவது நாம் ஒரு நாளில் இயற்கையிலிருந்தே வாங்குகிற அளவை ஒட்டியதுதான். கர்ப்பிணிகள் மட்டும் எடுக்கக் கூடாது. கை, கால், நடுவுடல் என்று தனித்தனியாகக் கிடைப்பதால், கால் முறிந்து தேறி வருகிறவருக்கு எந்தக் காலில் தசை இன்னும் திரும்பவில்லை என்று பார்க்க இதற்கு ஈடு வேறில்லை.

ஆனால் ‘டெக்ஸா சொன்னால் முடிந்தது’ என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். டெக்ஸாவுக்குத் தண்ணீரும் தசையும் ஒன்றுதான். ஸ்கேனுக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் அரை கிலோ ‘தசை’ ஏறும். ஜிம்மில் பலரும் எடுக்கும் கிரியாட்டின் தூளை எடுக்க ஆரம்பித்தாலும் அப்படித்தான். தசைக்குள் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (சாப்பிட்ட மாவுச்சத்தின் சேமிப்பு) மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே வைத்துக்கொள்வதால், முந்தின நாள் வயிறாரச் சோறு சாப்பிட்டவருக்கும் சாப்பிடாதவருக்கும் எண் வேறு. ஒரு நிறுவனத்தின் கருவியில் எடுத்ததை இன்னொன்றின் கருவியில் எடுத்ததோடு ஒப்பிடவும் முடியாது. என் கணக்கில் ஒரு கிலோவுக்குள் வரும் மாற்றத்தை மாற்றமாகவே எடுப்பதில்லை. சென்னையில் பல ஸ்கேன் மையங்களில் டெக்ஸா என்றால் இடுப்பும் முதுகெலும்பும் மட்டும்தான். முழு உடல், கொழுப்புக் கணக்கோடு தருவீர்களா என்று போனில் கேட்டுவிட்டுப் போக வேண்டும். போனால் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீர்கூடக் குடிக்காமல். ஆறு மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் எடுப்பது காசுக்குக் கேடு.

தண்ணீருக்குள் எடை போடுவது, முட்டை வடிவக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் காற்றின் அழுத்தத்தால் உடம்பின் கன அளவைக் கண்டுபிடிப்பது இரண்டும் ஆராய்ச்சிக்கு. இவை இரண்டும் கொழுப்பில்லா உடம்பின் அடர்த்தி எல்லோருக்கும் கன சென்டிமீட்டருக்கு 1.1 கிராம் என்று வைத்துக்கொள்கின்றன. அது எல்லோருக்கும் ஒன்றல்ல என்பது பிரஸ்ஸல்ஸ் உடல்களிலேயே தெரிந்துவிட்டது. நமக்கு எளிதில் கிடைக்கவும் போவதில்லை, விட்டுவிடலாம்.

இனி யாருக்கு எது. எங்கள் குழுவில் 48 வயது நண்பர் ஒருவர் இருக்கிறார், கை கால் மெலிவு, வயிறு மட்டும் முன்னால். அவருக்கு டேப், கூடவே ஒரு ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை. கொழுப்புச் சதவீதம் தெரிந்து அவர் புதிதாகச் செய்யப்போவது எதுவும் இல்லை. ஜனவரி சென்னை மாரத்தானுக்காக உணவையும் பயிற்சியையும் மாற்றிப் பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்குக் கேலிப்பர், ஒரே கை, எட்டு வாரத்துக்கு ஒரு முறை, கூட டேப். இன்னொரு தோழி அரை மாரத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார், முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் விட்டது, நாலு மாதமாக மாதவிலக்கும் வரவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருக்கு டெக்ஸா, அதுவும் எலும்புக்காக, மருத்துவர் எழுதிக் கொடுத்து. அங்கே கொழுப்பு எண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்று சொன்னேன்.

அந்தத் தோழிக்கு நடந்ததுதான் என் அக்கா மகளுக்கு நடந்துவிடக் கூடாது என்று அன்றிரவு பயந்தேன். ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஆன் லௌக்ஸ் செய்த ஆய்வுகள் இங்கே முக்கியம். சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் எரித்ததைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உடம்பு தன் மற்ற வேலைகளுக்கு வைத்துக்கொள்ளும் சக்தி. அது கொழுப்பில்லா எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 30 கலோரிக்குக் கீழே இறங்கியபோது, ஐந்தே நாளில் இளம் பெண்களின் மாதவிலக்கை நடத்தும் ஹார்மோன் துடிப்பு குலைந்தது. எல்லோருக்கும் சரியாக 30-தான் எல்லை என்று இல்லை. ஆனால் கணக்கு போட்டுப் பார்க்க உதவும். அக்கா மகளை 52 கிலோ, 25 சதவீதம் கொழுப்பு என்று வைத்தால் கொழுப்பில்லா எடை 39 கிலோ. முப்பதால் பெருக்கினால் 1,170. ஹாக்கிப் பயிற்சியில் ஒரு 500 போகிறது என்று வைத்தால் 1,670-க்குக் கீழே இறங்கவே கூடாது, நன்றாக வளர அதற்கு மேல் நிறைய வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டை வெட்டினால் அவள் எங்கே போய் நிற்பாள் என்று பாருங்கள். இதே கணக்கைக் கொழுப்பு 21 சதவீதம் என்று போட்டால் வித்தியாசம் 60 கலோரி. ஒரு இட்லி. அவளுக்கு எவ்வளவு சோறு போட வேண்டும் என்று தெரிந்துகொள்ள எந்த மெஷினும் தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

வளரும் பிள்ளைகளின் கொழுப்பில்லா உடம்பில் தண்ணீர் அதிகம், எலும்பின் தாது குறைவு. பெரியவர்களுக்காக எழுதிய சூத்திரம் அவர்களுக்குப் பொருந்துவதும் இல்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு 2023-இல், மருத்துவக் காரணம் இல்லாமல் 18 வயதுக்குக் கீழே உள்ள வீரர்களுக்கு இந்த அளவீடே வேண்டாம் என்று அறிவுறுத்தியது. நான்கு முறையில் அவளுக்கு எது என்று என்னைக் கேட்டால், எதுவும் இல்லை.

மறுநாள் மாலை அக்காவும் நானும் முகாமுக்குப் போனோம். பயிற்சியாளரிடம் அந்த 39 கிலோ கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார், பெண்கள் அணிக்கு இனி அந்த மெஷின் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக என்ன பார்ப்பது என்று அவரே கேட்டபோது, 30 மீட்டர் ஓட்ட நேரம், தூக்கம், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்பதை அந்தப் பிள்ளைகளே ஒரு நோட்டில் எழுதி வைத்து, அம்மாவிடம் காட்டட்டும் என்றோம். வீடு திரும்பும்போது மணி எட்டரை. அக்கா தோசைக்கல்லை வைத்தாள். முதல் தோசை வருவதற்குள் அக்கா மகள் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டாள், “மாமா, முட்டை ஊத்தித் தரச் சொல்லு” என்றாள்.